மகளிர் குழுவில் கிரிப்டோ வகுப்பு: நடத்தலாமா? நடத்தினால் எதைச் சொல்லித் தருவது?

கோத்தகிரி ஊக்குநர்

வணக்கம். கோத்தகிரிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன். சென்ற மாதக் கூட்டத்துக்குக் கீழே சமவெளியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கையில் வழவழப்பான நோட்டீஸ்: "பெண்களின் பொருளாதார விடுதலைக்கு டிஜிட்டல் நாணயக் கல்வி". வகுப்பு இலவசம், மதியச் சாப்பாடும் உண்டு என்றார்கள். நான் துருவிக் கேட்ட பிறகுதான் மீதி வெளியே வந்தது. வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு "பயிற்சித் தொகுப்பு" ஒன்றை வாங்க வேண்டும். அதோடு அவர்களுடைய நாணயம் கொஞ்சம் கிடைக்கும். மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் தினமும் பங்கு.

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் உறுப்பினர்களில் பலருக்கு ஆசை விழுந்துவிட்டது. பச்சைத் தேயிலை விலையை நம்பி வீட்டுக் கணக்குப் போடுகிறவர்களுக்கு "தினமும் பங்கு" என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று இந்த இணைய மன்றத்தில் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று கூட்டம் கலைந்த பிறகு இளைய உறுப்பினர் ஒருத்தி கேட்டாள்: "டீக்கடையில் ஆண்கள் பிட்காயினைப் பற்றிப் பேசுகிறார்கள், வாங்குகிறார்கள், விற்கிறார்கள். நாங்கள் கேட்டால் மட்டும் ஏன் அக்கா பயமுறுத்துகிறீர்கள்?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லி வாயை அடைக்க எனக்கு விருப்பமில்லை. வந்தவர்களை ஒதுக்கிவிட்டு வகுப்பை நாமே நடத்தினால் என்ன? நடத்தினால் எதைச் சொல்ல வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

குன்னூர்க்காரன்

அக்கா, முதலில் ஒன்று. அவர்கள் கொண்டுவந்தது கிரிப்டோவே அல்ல. பயிற்சித் தொகுப்பு என்ற பெயரில் நாணயம் விற்கும் வித்தை பழையது. 2014இல் ருஜா இக்னாடோவா என்ற பெண் பல்கேரியாவிலிருந்து ஒன்காயின் என்று ஒன்றைத் தொடங்கினார். அதிலும் விற்றது "கல்வித் தொகுப்பு"தான். ஆளைச் சேர்த்தால் கமிஷன். அந்த நாணயத்துக்குப் பின்னால் உண்மையான பிளாக்செயின், அதாவது எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுக் கணக்குப் புத்தகம், எதுவும் இருக்கவில்லை. திரையில் ஏறும் எண்தான் இருந்தது. உகாண்டாவில் ஏழை விவசாயிகள் வரை பணத்தை இழந்தார்கள். 2017இல் நவி மும்பையில் ஆள் பிடிக்கும் கூட்டத்துக்குள் போலீசார் புகுந்து கைது செய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அந்தப் பெண் தலைமறைவானார். 2022இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அவரை மிகவும் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் சேர்த்தது.

பிட்காயின் வேறு. 2008 அக்டோபர் 31 அன்று சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் அதை விளக்கும் ஒரு கட்டுரை வந்தது. 2009 ஜனவரி 3 அன்று அதன் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், முதல் பிளாக், உருவானது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் வராது. ஒரு நாணயத்தை 10 கோடி சடோஷிகளாகப் பிரிக்கலாம் என்பதால் நூறு ரூபாய்க்குக்கூட வாங்க முடியும். கணக்குப் புத்தகம் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி இருக்கிறது, யாரும் திறந்து பார்க்கலாம்.

உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்: பிட்காயின் யாருக்கும் வட்டி தருவதாகச் சொன்னதில்லை. விலை ஏறலாம், இறங்கலாம், அவ்வளவுதான். தினமும் இவ்வளவு தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. "உங்கள் செயலியில் இருக்கும் நாணயத்தை இப்போதே வெளியிலுள்ள என் வாலட்டுக்கு (நாணயம் வைக்கும் டிஜிட்டல் பணப்பைக்கு) அனுப்புங்கள், பிளாக்செயினில் அந்தப் பரிமாற்றத்தைக் காட்டுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றுவார்கள்.

ஆனால் கற்றுக்கொடுக்கவே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தெரியாமல் இருப்பதால்தான் இப்படி நோட்டீஸோடு மலையேறுகிறார்கள்.

கூடலூர் ஆசிரியை

தம்பி சொன்னது சரி. ஆனால் பாடத்தைத் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன். குழுவில் எத்தனை பேரிடம் சொந்தப் போன் இருக்கிறது? பொத்தான் போனைச் சொல்லவில்லை.

என் பள்ளிக்கு வரும் தாய்மார்களைக் கவனித்திருக்கிறேன். வங்கிக் கணக்கு அவர்கள் பெயரில் இருக்கும். ஏடிஎம் அட்டை கணவர் சட்டைப்பையில் இருக்கும். யுபிஐ இருக்கும் போன் மகனிடம் இருக்கும், பின் எண்ணும் மகனுக்குத்தான் தெரியும். 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் தன் பெயருக்கு வந்ததைப் பார்த்து ஒரு தாய் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? அடுத்த மாதமே வங்கிக் குறுஞ்செய்தி வரும் எண்ணைக் கணவரின் எண்ணுக்கு மாற்றச் சொல்லி வீட்டில் நெருக்கினார்கள்.

கிரிப்டோவில் சாவி, அதாவது வாலட்டைத் திறக்கும் ரகசியக் குறியீடு, யாரிடம் இருக்கிறதோ பணம் அவருடையது என்கிறார்கள். அப்படியானால் இந்த வீடுகளில் சாவி யாரிடம் போய்ச் சேரும்? சாவியைத் திரும்பப் பெற உதவும் 12 மீட்புச் சொற்களை எழுதிய தாளை அவள் எங்கே வைப்பாள்? வங்கிக் கணக்கில் பணம் போனால் மேலாளரிடம் போய் அழவாவது முடியும். தாள் போனால் யாரிடம் போவாள்?

குன்னூர்க்காரன்

டீச்சர், இதே தடைதான் கிரிப்டோவைச் சில இடங்களில் பெண்களுக்கு உதவ வைத்தது. ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரத்தைச் சேர்ந்த ரோயா மஹ்பூப் 2010இல் மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். அவரிடம் வேலை செய்த பெண்கள் பலருக்கு வங்கிக் கணக்கு கிடையாது. ரொக்கமாகக் கொடுத்தால் தந்தையோ அண்ணனோ வாங்கிக்கொள்வார். அதனால் பிட்காயினில் சம்பளம் கொடுத்தார். அதே ஹெராத்தில் 2015இல் ஃபெரெஷ்தே ஃபொரோ பெண்களுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் பள்ளியைத் தொடங்கினார். 2021 ஆகஸ்டில் தலிபான்கள் வந்து வங்கிகள் முடங்கியபோது மாணவிகளின் குடும்பங்களுக்குக் கிரிப்டோவில் உதவி அனுப்பினார். அவர்கள் உள்ளூர் நாணய மாற்றுக் கடைகளில் ரொக்கமாக மாற்றிச் சாப்பிட்டார்கள்.

2020 அக்டோபரில் நைஜீரியாவில் போலீஸ் கொடுமைக்கு எதிரான போராட்டத்துக்குப் பெண்ணியக் கூட்டணி ஒன்று நிதி திரட்டியது. வங்கிக் கணக்கு முடக்கப்பட்டதும் பிட்காயினுக்கு மாறியது, வேலை நிற்கவில்லை. இவற்றைப் பெண்கள் அறிந்துகொள்ள வேண்டாமா?

முன்னாள் வங்கி ஊழியர், உதகை

அறிய வேண்டும். அதோடு மீதியையும் அறிய வேண்டும். அதே ஹெராத்தில் 2022 ஆகஸ்டில் கிரிப்டோ மாற்றிக் கொடுத்த கடைகளை மூடி ஆட்களைக் கைது செய்தார்கள். நாணயம் யாராலும் தடுக்க முடியாததாக இருக்கலாம். அதை அரிசியாக மாற்றும் கடையை மூடுவதற்கு இரண்டு காவலர் போதும்.

என் அனுபவத்தில் எந்த நாட்டு உதாரணத்தைக் கேட்டாலும் அங்கே அடைத்திருந்த கதவு எது என்று பார்க்க வேண்டும். ஆப்கானிஸ்தானில் பெண்கள் பலருக்கு வங்கிக் கணக்கே இல்லை, பிறகு வங்கிகளும் முடங்கின. கென்யாவில் கிராமங்களுக்கு வங்கி எட்டவில்லை. 2007இல் எம்-பெசா என்ற சேவை வந்து சாதாரண போனிலேயே பணம் அனுப்ப வழி செய்தது. 2016இல் 'சயின்ஸ்' இதழில் வந்த சூரி, ஜேக் என்ற இரு ஆய்வாளர்களின் ஆய்வு, அதனால் ஏறக்குறைய 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டதாகவும் சுமார் 1,85,000 பெண்கள் பிழைப்பு விவசாயத்திலிருந்து சிறுவணிகத்துக்கு மாறியதாகவும் மதிப்பிட்டது. அங்கே ஓடியது கென்ய ஷில்லிங்தான், கிரிப்டோ அல்ல.

நம் மலையில் கணக்கு இருக்கிறது. 2014இல் தொடங்கிய ஜன்தன் கணக்குகளில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. 2016 முதல் யுபிஐ இருக்கிறது. இங்கே அடைத்திருக்கும் கதவு வீட்டுக்குள் இருக்கிறது, டீச்சர் சொன்னது போல. அடுத்தது கடன். மகளிர் குழுக் கடனுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கிராமப்புறக் குழுக்களுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டிக்குக் கிடைக்கிறது. இதைத் தெரியாமல் வாரத் தவணை நிறுவனத்திடம் அதைப்போல மூன்று மடங்கு வட்டி கட்டும் குழுக்களை நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் வகுப்பின் முதல் மணி நேரம் இதற்கே போகட்டும்.

பந்தலூர் மகள்

நான் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் குடும்பம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் பாட்டியின் பெயரும் எண்ணிக்கையில் ஒன்றாகிவிட்டது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகம்) தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்துச் சேர்த்ததில் அவரோடு வந்து சேர்ந்தது உடம்பில் போட்டிருந்ததும் பெட்டியில் அடங்கியதும்தான். மீதி எல்லாம் அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

அதனால் "எல்லையைத் தாண்டி மனத்திலேயே எடுத்துப்போகக்கூடிய சொத்து" என்று குன்னூர்த் தம்பி போன்றவர்கள் சொல்லும்போது என்னால் அலட்சியமாகக் கடந்து போக முடியவில்லை. 12 சொற்களை நினைவில் வைத்திருக்கும் பெண்ணிடம் துறைமுகத்தில் எதையும் பிடுங்க முடியாது. அகதியாக ஒரு நாளாவது நின்ற குடும்பத்துக்கு அதன் அருமை புரியும்.

ஆனால் டேன்டீ லயத்தில் இன்று இருக்கும் என் சித்திக்கு அது எந்த வகையில் உதவும் என்றால் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் டவரும் போகிறது. சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதே சில நூறு ரூபாய்.

வரிக் கணக்கர், உதகை

வரியைப் பற்றி யாரும் பேசவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம், கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை நீக்கியது. அதனால் வாங்குவதும் விற்பதும் குற்றமில்லை. ஆனால் ரூபாய் போலச் செல்லுபடியாகும் பணமும் இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் கைக்கு வருமுன்பே பிடிக்கும் வரி.

ஏழைப் பெண்ணைக் கடுமையாகப் பாதிப்பது இரண்டு. வேறு வருமானமே இல்லாதவருக்கும் இந்த லாபத்தில் அடிப்படை வரி விலக்கு கிடையாது. பெரிய முதலாளி கட்டும் அதே 30 சதவீதம்தான். அடுத்தது, நஷ்டத்தைக் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தை விற்றதில் 10,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 10,000 ரூபாய் நஷ்டம் என்றால் கையில் நிகராக எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் 3,120 ரூபாய் வரி கட்ட வேண்டும். டிடிஎஸ் பணத்தைத் திரும்பப் பெற ரிட்டர்ன் போட வேண்டும், அதற்கு ஒருவரிடம் கட்டணம். சில ஆயிரம் ரூபாய் போடுகிறவருக்கு இது கட்டுப்படியாகாது.

2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் (நாணயத்தை வாங்கவும் விற்கவும் உதவும் நிறுவனங்கள்) பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஆனால் பதிவு என்றால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கள் நாணயங்களை எடுக்க முடியாமல் காத்திருந்தார்கள். வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. இதற்கு இல்லை.

வெற்றிப் பாதை 99

சகோதரிகளே, பயப்பட வேண்டாம். நான் மாதம் நிலையான வருமானம் பெறுகிறேன். கீழே உள்ள இணைப்பில் சேருங்கள்
[இணைப்பு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவின் இணைப்பும் போன் எண்ணும் நீக்கப்பட்டன, கணக்கு முடக்கப்பட்டது. தனிச்செய்தி வந்திருந்தால் யாரும் பதில் அனுப்ப வேண்டாம்.

கேத்தி வாசகி

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வகுப்பில் இதையும் சேருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு பெண்ணிடம் தெரிந்தவர் வழியாக ஒருவன் வந்தான். "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கிரிப்டோ வியாபாரத்துக்கு வேண்டும், மாதம் சில ஆயிரம் தருகிறேன்" என்றான். அவள் புது சிம் கார்டோடு பாஸ்புத்தகத்தையும் அட்டையையும் கொடுத்தாள். யாரோ எங்கோ ஏமாந்து அனுப்பிய பணம் அந்தக் கணக்கில் விழுந்து, உடனே நாணயமாக மாறிப் போய்விட்டது. வேறு மாநிலத்து சைபர் போலீசார் கணக்கை முடக்கினார்கள். குழுக் கடனின் தவணையும் உரிமைத் தொகையும் அதே கணக்கில்தான். எல்லாம் நின்றுபோயின. விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது அவளுக்கு அந்த ஊரின் பெயரைக்கூடப் படிக்கத் தெரியவில்லை.

அவள் ஒரு நாணயம்கூட வாங்கவில்லை. கிரிப்டோ என்றால் என்ன என்றே தெரியாது. இப்படி மாட்டுகிறவர்களைப் பற்றி யாரும் கல்வி என்று பேசுவதில்லை.

குன்னூர்க்காரன்

இது மிக முக்கியம். எக்ஸ்சேஞ்ச் வழியாக இல்லாமல் நேரடியாக ஆளுக்கு ஆள் நாணயம் விற்கும்போதும் இதே ஆபத்து வரும். வாங்குகிறவர் அனுப்பும் ரூபாய் திருட்டுப் பணமாக இருந்தால் விற்றவரின் கணக்கு முடங்கும். பணம் பறிபோனால் முதல் சில மணி நேரத்துக்குள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணை எல்லோர் வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

மஞ்சூர் பெரியவர்

ரிசர்வ் வங்கியே நாணயம் விட்டிருக்கிறது, அதில் சேரலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

முன்னாள் வங்கி ஊழியர், உதகை

ஐயா, டிஜிட்டல் ரூபாய் உண்மை. 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களுக்கான சோதனை ஓட்டம் தொடங்கியது. ஒரு டிஜிட்டல் ரூபாய் என்றும் ஒரு ரூபாய்தான், ஏறாது, இறங்காது, வட்டியும் இல்லை. ரிசர்வ் வங்கி அனுமதித்த செயலிகளில் மட்டுமே கிடைக்கும். அதில் "சேர" யாருக்கும் கட்டணம் கொடுக்கத் தேவையில்லை. உங்களிடம் சொன்னவர் பணம் கேட்டால் போலீசில் சொல்லுங்கள்.

கோத்தகிரி ஊக்குநர்

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க வகுப்பின் உருவம் எனக்குத் தெளிவாகிறது. ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. முதலில் அவரவர் போனில் அவரவர் பின் எண், குறுஞ்செய்தி எண்ணைச் சரிபார்ப்பது. பிறகு குழுக் கடன் விதிகள். அதற்குப் பிறகுதான் பிட்காயின்: அது என்ன, எப்படி ஓடுகிறது, 2021 நவம்பரில் ஏறக்குறைய 69,000 டாலர் இருந்தது ஓராண்டில் 16,000க்கும் கீழே போனது, பிறகு மீண்டும் ஏறியது, எல்லாமே சொல்வேன். காத்திருந்தவர்கள் மீண்டார்கள் என்பார்கள். எங்கள் உறுப்பினர்களால் காத்திருக்க முடியுமா? ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது விலை என்னவாக இருந்தாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும். குழுவின் பொதுச் சேமிப்பிலிருந்து ஒரு ரூபாயும் இதில் போகாது என்று தீர்மானம் எழுதிவிடுவேன். தனிப்பட்ட முறையில், தொலைந்தாலும் வீட்டை உலுக்காத தொகையை ஒருத்தி போட விரும்பினால் அது அவள் உரிமை. எப்படி என்று கேட்டால் மறைக்காமல் சொல்வோம்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. வகுப்பில் நிலத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்று சில அக்காமார் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

கூடலூர் ஆசிரியை

கட்டாயம் சேருங்கள். தேயிலைத் தோட்டத்தில் பெரும்பகுதி உழைப்பு பெண்ணுடையது, பட்டா யார் பெயரில் இருக்கிறது? தமிழ்நாட்டில் 1989லேயே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது, நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் 2005இல் வந்தது. படுகர் பெண்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதையாவது தெரிந்துகொண்டு போடட்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பெண்களுக்கு நிலைமை வேறு. பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது, அவரவர் வழக்கம்தான். அவர்கள் வந்தால் பாடத்தைத் தனியாக நடத்த வேண்டும்.

எங்கள் கூடலூர்ப் பக்கம் இன்னொரு சிக்கல். ஜென்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969 சட்டத்தின் 17ஆவது பிரிவு நிலங்களில் ஆணுக்கும் பட்டா இல்லை, பெண்ணுக்கும் இல்லை. பட்டா இல்லாததால் வங்கி நிலத்தின் பேரில் கடன் தராது. கடன் கிடைக்காதவர்கள் வாரத் தவணைக்குப் போகிறார்கள். தவணைக்கு மூச்சு முட்டும் நேரத்தில்தான் நோட்டீஸ்காரர் வந்து நிற்கிறார். அவரை மட்டும் விரட்டினால் அடுத்த மாதம் வேறொருவர் வேறு பெயரில் வருவார்.

பந்தலூர் மகள்

ஏமாந்தவர்கள் புகார் கொடுக்கும் வழியையும் சொல்லுங்கள். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2019இல் மத்திய அரசின் சட்டமும் வந்தது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். ஈமு கோழிப் பண்ணை மோசடியில் 2012இல் கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பணத்தை இழந்தபோதும் முதலில் பலர் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. வீட்டில் சொன்னால் அடி விழும் என்பதற்காக மறைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணையாகக் காவல் நிலையம் வரை போகக் குழுவில் இரண்டு பேரை இப்போதே முடிவு செய்து வையுங்கள்.

முன்னாள் வங்கி ஊழியர், உதகை

கோத்தகிரி வகுப்புக்கு நான் வருகிறேன். கட்டணம் வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், இலை எடுக்கும் நாளில் யாரும் வர மாட்டார்கள். குன்னூர்த் தம்பியும் வந்தால் பிட்காயின் பகுதியை அவரே எடுக்கட்டும். என்னைவிட நன்றாகச் சொல்வார். வயதான உறுப்பினர்களுக்காகப் படுகு மொழியிலும் சொல்ல ஒருவர் வேண்டும்.

குன்னூர்க்காரன்

வருகிறேன் ஐயா. என் அம்மா படுகு மொழியில் சொல்வார், அவரையும் அழைத்து வருகிறேன். திரையில் காட்டுவதற்கு ஒரு வாலட்டைப் புதிதாகத் திறந்து, சில ரூபாய் மதிப்புக்கு அனுப்பிக் காட்டுகிறேன். மீட்புத் தாளைக் கிழித்துவிட்டு, அந்தப் போனிலிருந்து வாலட்டையும் நீக்கிவிட்டால் பணம் திரும்பாது என்பதையும் அவர்கள் கண்முன்னே செய்து காட்டலாம்.

கோத்தகிரி ஊக்குநர்

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை 10 மணி, சமுதாயக் கூடத்தில். உறுப்பினர்கள் பாஸ்புத்தகமும் ஆதாரும் கொண்டுவரட்டும். போன் இருப்பவர்கள் தாங்களே கையில் எடுத்து வர வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். அன்று வெளியாட்கள் யாருக்கும் நோட்டீஸ் கொடுக்க அனுமதி இல்லை. பக்கத்து ஊராட்சி ஊக்குநர்கள் யாராவது வர விரும்பினால் இங்கேயே எழுதுங்கள், சாப்பாட்டுக்கு அரிசி போட வேண்டும்.